கள்ளிப்பழம் கமலமான கதை

சனங்களுக்கு ருசி மாறிப்போச்சு என்கிறார்கள். கோட்டாறு கம்போளத்தில் பழக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சியும் இதைத்தான் சொல்கிறார், கல்லூரியில் வணிகவியல் சொல்லிக் கொடுக்கிற பேராசிரியரும் இதைத்தான் சொல்கிறார். ‘நுகர்வோர் விருப்பம்’ என்று அதற்கு ஒரு பேரும் வைத்தாயிற்று. கிவி, டிராகன் பழம், ரம்புட்டான், மங்குஸ்தான், வாஷிங்டன் ஆப்பிள் என்று வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் வலைச் சட்டை மாட்டி, நெற்றிப் பொட்டு மாதிரி ஸ்டிக்கர் ஒட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். இதற்கு எதிர்வரிசையில் இன்னொரு கூட்டம். மரபு, பாரம்பரியம், இயற்கை என்று பேசுகிறவர்கள். ‘அந்நியப் பழத்தைத் தொடாதே, நம்ம மண்ணு பழத்தைத் தின்னு’ என்று நமக்கு உபதேசம். இந்த இரண்டு கூட்டத்தாரிடமும் எனக்குக் கேட்க வேண்டியது இருக்கிறது. யாருக்க ருசி மாறிச்சு? யாருக்க மண்ணு?

‘தேவை’ என்கிற வார்த்தையை முதலில் எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடப் பொருளாதாரப் புத்தகத்திலேயே எழுதியிருக்கும்: வெறும் ஆசை தேவை ஆகாது, ஆசையோடு வாங்கும் சக்தியும் சேர்ந்தால்தான் அது தேவை. அதாவது, கையில் காசு இல்லாதவனுக்கு ஆசையே இல்லை என்று கணக்கு. எங்கள் தெருப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கடை முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார்களே, அந்தப் பார்வை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இன்றைக்கு அதே வீட்டுப் பிள்ளை நர்சு வேலைக்குப் போய், வளைகுடாவுக்குப் போய், முதல் சம்பளத்தில் ஒரு டப்பா கிவி வாங்கினால் உடனே எழுதுகிறார்கள், ‘நுகர்வோர் விருப்பம் மாறுகிறது’ என்று. விருப்பம் அன்றைக்கும் இருந்தது ஐயா. நீங்கள் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

ருசி நாக்கில் பிறக்கிறது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். எந்த விளைக்குள் நீ நுழையலாம், எந்த மரத்தடியில் நீ நிற்கலாம், எந்தக் கூடையில் நீ கை வைக்கலாம் என்பதெல்லாம் தீர்மானமான பிறகுதான் நாக்குக்கு வேலை. இதற்கு நல்ல சாட்சி டிராகன் பழமே.

அது என்ன பழம்? கள்ளிப்பழம். மத்திய அமெரிக்கக் காட்டில் மரத்தில் தொற்றி ஏறுகிற ஒரு கள்ளி. பிரெஞ்சுக்காரர்கள் அதை வியட்நாமுக்குக் கொண்டுபோனார்கள், வியட்நாம் அதை உலகத்துக்கெல்லாம் விற்றது. நம்முடைய சப்பாத்திக்கள்ளியும் அதே குடும்பம்தான். அதே அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி டாக்டர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். கள்ளியில் வாழும் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்து லாபம் பார்க்க ஆசை. கம்பெனிக்கு லாபம் வரவில்லை. கள்ளி மட்டும் நாடெங்கும் பொட்டக்காட்டில் ஊன்றி நின்றது.

ஆரல்வாய்மொழிப் பக்கம் மாடு மேய்க்கப் போன எங்கள் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு பல நாள் அந்தப் பழம்தான். கல்லில் உரசி முள்ளு களைந்து, பிளந்து, உள்ளே நட்சத்திரம் மாதிரி இருக்கிற முள்ளை எடுத்துப் போட்டுவிட்டுத் தின்ன வேண்டும். தின்றால் வாயெல்லாம் ரத்தச் சிவப்பு. அந்த வாயோடு பள்ளிக்கூடம் போனால் சிரிப்பார்கள். ‘கள்ளிப்பழம் தின்னி’ என்பது வசவு. அதே குடும்பத்துப் பழம் வலைச்சட்டை போட்டு வந்து உட்கார்ந்தபோது, முன்பு சிரித்த வீட்டுக்காரர்கள் அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வெட்டி வைத்து முள்கரண்டியால் தின்கிறார்கள். வாய் அதே சிவப்புதான். சிரிக்கத்தான் ஆளில்லை.

கதை இதோடு நிற்கவில்லை. 2021 ஜனவரியில் குஜராத் அரசாங்கம் இந்தப் பழத்துக்குப் பேர் மாற்றியது. டிராகன் என்றால் சீன வாடை அடிக்கிறதாம், பழம் தாமரை மாதிரி இருக்கிறதாம், ஆகவே ‘கமலம்’. ஆளுங்கட்சியின் சின்னமும் தாமரை, காந்திநகரில் அந்தக் கட்சி அலுவலகத்தின் பேரும் கமலம். அதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு உறைப்பது வேறு. ஒரு அமெரிக்கக் கள்ளிக்குச் சமஸ்கிருதப் பேர் வைத்து ஒரே நாளில் சுத்தி செய்து உள்ளே சேர்த்துக்கொள்ள முடிகிறது. மனுசனுக்கு அது முடியாது. குமரி மாவட்டத்தில் எத்தனையோ பறையர், புலையர் குடும்பங்கள் சர்ச்சுக்குப் போய்ப் பேர் மாற்றினார்கள். 1950-ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியலிலிருந்து வெளியே தள்ளியது. 1956-ல் சீக்கியருக்குக் கதவு திறந்தது, 1990-ல் பௌத்தருக்குத் திறந்தது, கிறிஸ்தவத் தலித்துக்கு இன்றுவரை மூடிக்கிடக்கிறது. பேர் மாறினதால் பழத்துக்கு மவுசு கூடிற்று, எங்களுக்குச் சான்றிதழ் போயிற்று. கல்லறைத் தோட்டத்திலும் குருசடித் தெருவிலும் சாதி மட்டும் போகவில்லை.

அந்நியம், சுதேசி என்று பிரிக்கிறார்களே, அந்தக் கணக்கையும் கோட்டாற்றில் வைத்தே பார்த்துவிடலாம். இது பழைய வியாபாரத் தலம். தாலமி என்ற கிரேக்கன் எழுதிவைத்த கொட்டியாரா இந்தக் கோட்டாறுதான் என்பார்கள் வரலாற்றுக்காரர்கள். 1544-ல் சவேரியார் இந்தக் கடற்கரையில் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு நடந்தார். அந்த நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பல் வழியாக வந்து இறங்கியவைதான் அன்னாசியும், பேரக்காயும், பப்பாளியும், கொல்லாமாவும். மிளகாய்கூட அப்படி வந்ததுதான். மிளகாய் போடாமல் மீன்குழம்பு வைக்கிற மரபுக்காரர் யாராவது உண்டுமா? உண்டென்றால் முன்னால் வரட்டும், பேசலாம்.

வந்ததெல்லாம் ஒரே மாதிரி வரவேற்கப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கொல்லாமரத்தைப் பாருங்கள். கொட்டை முதலாளிக்கு, தொண்டை கமறுகிற பழம் எங்கள் பிள்ளைகளுக்கு. பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை எண்ணி ஒப்படைக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் கேள்வி உண்டு. அந்தக் கொட்டை போய்ச் சேருகிற பாக்டரிக்குள்ளும் சாதி போயிற்று. கேரளத்து அண்டியாபீசுகளைப் பற்றி அன்னா லிண்ட்பெர்க் என்கிற ஆய்வாளர் 2001-ல் விரிவாக எழுதியிருக்கிறார்: தோட்டை உடைக்கிற வேலை தலித் பெண்களுக்கு, தோலுரிக்கிறது ஈழவப் பெண்களுக்கு, தரம் பிரிக்கிறது நாயர் பெண்களுக்கு. தோட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். வெந்த கை யாருடையது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

மரச்சீனிக் கிழங்கும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். 1880-களில் திருவிதாங்கூர் ராஜா விசாகம் திருநாள் அதை ஏழைகளின் பசிக்கு என்று பரப்பினார். இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா அரிசி நின்றபோது அந்தக் கிழங்குதான் இந்தப் பிரதேசத்து உயிரைக் காப்பாற்றிற்று. அதை யாரும் ‘அயல்நாட்டு அரிய உணவு’ என்று கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. கிழங்கு தின்னி என்று ஏசத்தான் பயன்பட்டது. ஆக, கப்பலில் வந்ததா காட்டில் முளைத்ததா என்பது இங்கே பிரச்சனையே இல்லை. எங்கள் பானைக்குள் வந்தால் அது கிழங்கு. அவர்கள் மேசைக்குப் போனால் அது அபூர்வம்.

ரம்புட்டானுக்கும் இதே கதைதான், ஊர்தான் வேறே. மலேயா ரப்பர்த் தோட்டத்துக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் கூலியாகக் கப்பலேறிப் போன சனத்தில் நம்ம ஆட்கள் எவ்வளவு பேர்! அங்கே அவர்கள் பிள்ளைகளுக்கு ரம்புட்டான் கொல்லைப்புறத்துப் பழம். சீசனில் ரோட்டோரம் கொட்டிக்கிடக்கும். லயத்துப் பிள்ளை மடியில் கட்டிக்கொண்டு தின்று தோலைத் துப்புகிற பழம், நாகர்கோவிலில் கிலோ நூற்றுக்கணக்கில் விலை சொல்லி விற்கப்படுகிறது. பழம் என்னவோ அதேதான்.

விருப்பம் தானாக மாறிற்று என்பதும் புளுகு. கதவைத் திறந்தவர்கள் யார் என்பதற்குத் தேதி இருக்கிறது. 1991-ல் புதிய பொருளாதாரக் கொள்கை. 2001 ஏப்ரல் 1-ல் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகளை மொத்தமாக எடுத்தார்கள். 2004 செப்டம்பரில் தாய்லாந்தோடு ஒப்பந்தம் போட்டு 82 பொருள்களுக்குச் சுங்கத்தைக் குறைக்கத் தொடங்கினார்கள், அந்தப் பட்டியலில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் துரியனும் இருந்தன. அமெரிக்காவோடு சண்டை என்றால் 2019-ல் ஆப்பிளுக்கு 20 சதம் கூடுதல் வரி, சமாதானம் என்றால் 2023-ல் அது ரத்து. டெல்லியிலும் வாஷிங்டனிலும் கையெழுத்து விழுந்த பிறகுதான் கோட்டாற்றுக்காரன் நாக்கில் எச்சில் ஊறுகிறது. இதற்குப் பேர் விருப்பமாம்.

எங்கம்மை கம்போளத்தில் சுமடு எடுத்தவள். சாயங்காலம் கடை அடைக்கும்போது பழக்கடை முன்னால் கூட்டிப் பெருக்கிக் கொடுப்பாள். அதற்குக் கூலி காசாகக் கிடையாது. அழுகின ஆப்பிள், கசங்கின முந்திரி, கறுத்துப்போன பாளையங்கோடன். ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து கெட்ட பாதியை வெட்டிக் களைந்துவிட்டு நல்ல பாதியைக் கையில் தருவாள். ‘இந்தப் பாதி கொள்ளாம் மக்கா, தின்னு’ என்பாள். முழு ஆப்பிள் எப்படி இருக்கும் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒரு தடவை அவள் காசு கொடுத்தே வாங்கப்போனாள், தம்பிக்குக் காய்ச்சல். கையால் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். கடைக்காரர் போட்டார் ஒரு சத்தம்: ‘ஏட்டி, தொடாத. என்ன வேணும்னு சொல்லு, நான் எடுத்துப் போடுகேன்.’ பக்கத்தில் நின்ற இன்னொரு அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்து, மோந்து பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர் பேர் எனக்கு வேண்டாம். அந்தப் பேரை எழுதினால் அது அந்த ஆளோட குணம் என்று ஆகிவிடும்.

இப்போது ஏ.சி. போட்ட பெரிய கடைகள் வந்துவிட்டன. கூடையை எடுத்துக்கொண்டு யாரும் எதையும் தொடலாம், புரட்டிப் பார்க்கலாம், மேல்சாதிக்காரர் தொட்ட பழத்துக்குப் பக்கத்துப் பழத்தை நான் எடுக்கலாம். முதலாளித்துவத்தை நான் கொண்டாடவில்லை. ஆனால் தொட்டுப் பார்த்து வாங்குகிற சந்தோசம் என்ன என்று பரம்பரையாகத் தொட்டு வாங்கினவர்களுக்குத் தெரியாது. பெரிய கடையில் போய்ப் பழம் வாங்குகிற தலித் பெண்ணைப் பார்த்து ‘நுகர்வு மோகம்’ என்று கட்டுரை எழுதுகிற தோழர்கள், மார்க்சைக் கொஞ்சம் மூடிவைத்துவிட்டு அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ நூலைத் திறந்து சக்வாரா கிராமத்துச் சம்பவத்தைப் படிக்க வேண்டும். 1936-ல், ஜெய்ப்பூர் சமஸ்தானம். தீர்த்த யாத்திரை போய்வந்த ஒரு தீண்டப்படாதவர் தன் சனத்துக்கு விருந்து வைத்தார். இலையில் நெய் ஊற்றினார். நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் தடியோடு வந்து சாப்பாட்டை நாசமாக்கி, தின்றுகொண்டிருந்தவர்களை அடித்து விரட்டினார்கள். குற்றம் என்ன? நெய் தின்றது. நெய் அந்தஸ்தின் அடையாளம், அது உங்களுக்கு ஆகாது. விருந்து வைத்தவர் சொந்தக் காசில்தான் வாங்கினார் என்பதெல்லாம் எடுபடவில்லை. இன்றைக்குத் தடி வேண்டியதில்லை, ‘இவனுக்கு எதுக்கு இதெல்லாம்’ என்ற ஒரு சிரிப்புப் போதும்.

மரபுக்காரர்களிடம் வருகிறேன். மட்டிப்பழம் தின்னுங்கள் என்கிறார்கள். நல்ல பழம். எனக்கும் இஷ்டம். விரல் நீளத்தில், மணமாக, பச்சைப்பிள்ளைக்கு முதலில் ஊட்டுகிற பழம். 2023-ல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. செந்துளுவன், பேயன், சிங்கன், ஏத்தன் என்று இந்த ஊர் வாழைகளின் பேரைச் சொன்னாலே நாஞ்சில் நாட்டு எழுத்தாளர்களுக்குக் கண் கலங்கிவிடும். அந்தத் தோப்புகளில் குழி எடுத்தது யார், குலை சுமந்தது யார் என்று கேட்டால் மட்டும் கண் காய்ந்துவிடும். 2024-ல் மாரி செல்வராஜின் ‘வாழை’ படத்தைப் பார்த்திருப்பீர்கள். காய் சுமந்து வளர்ந்த பையன், பசியில் தோட்டத்து வாழைப்பழம் தின்றதற்கு என்ன பாடு படுகிறான்! படத்தைப் பார்த்து அழுதவர்களில் தோப்புக்காரர்களும் இருந்தார்கள். அழுதது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் விளைக்குள் விழுந்துகிடந்த மாங்காயைப் பொறுக்கின குழந்தையை ‘களவாணி’ என்று கட்டிவைத்த ஊரில், ‘நம்ம மண்ணு, நம்ம பழம்’ என்று என்னையும் சேர்த்து எப்படிப் பேசுகிறீர்கள்? அந்த ‘நம்ம’வில் நான் எப்போது சேர்ந்தேன், எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

நம்ம ஆட்களிடமும் ஒன்று பேசியாக வேண்டும். டெங்கு சீசன் வந்தால் ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போகிறவர்கள் கையில் கிவியும் டிராகன் பழமும்தான். தட்டணு ஏறுமாம். சித்தாள் வேலைக்குப் போகிறவள் ஒருநாள் கூலியில் பாதியைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறாள். டெங்குவில் குறைந்த தட்டணு, காய்ச்சலின் கட்டம் கடந்தால் தானே ஏறும். குடிக்கத் தண்ணியும், கஞ்சியும், டாக்டரின் கண்காணிப்பும்தான் முக்கியம். எந்தப் பழமும் அதற்கு மருந்தென்று நிரூபணமாகவில்லை. முள்சீத்தாவைப் புற்றுநோய்க்கு என்று விற்கிறார்கள், துரியனைப் பிள்ளை இல்லாதவர்களுக்கு என்று விற்கிறார்கள். நீலகிரி அடிவாரத்துக் கல்லாறு அரசுப் பண்ணையில் துரியனுக்குப் போட்டி போட்டுக்கொண்டு வருகிற தம்பதிகளைப் பற்றிப் பேப்பரில் வருசம்தோறும் செய்தி வரும். ஆசைக்குத் தின்னுங்கள், ருசிக்குத் தின்னுங்கள், உரிமைக்குத் தின்னுங்கள். பயத்துக்குத் தின்னாதீர்கள். பயத்தை விற்றுக் காசு பார்க்கிறவன் கோயில் தட்டோடு வந்தால் என்ன, பழத்தட்டோடு வந்தால் என்ன.

இனி மண்ணு. ரப்பர் விலை விழுந்ததிலிருந்து குமரி மலையோரத்தில் ரப்பரை வெட்டிவிட்டு ரம்புட்டானும் மங்குஸ்தானும் வைக்கிறார்கள். தோட்டக்கலைத் துறை டிராகன் பழத்துக்கு மானியம் தருகிறது. தலித் விவசாயிக்குக் கூடுதல் மானியம் என்றும் அறிவிப்பு வருகிறது. வாங்கப் போனால் பட்டா எங்கே, சிட்டா எங்கே, அடங்கல் எங்கே? சென்னை மாகாணத்தில் 1892-ல் பஞ்சமி நிலம் என்று கொஞ்சம் ஒதுக்கினார்கள். அதைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றாலும், மீட்கப் போராட ஒரு காகிதமாவது அங்கே இருக்கிறது. நாங்கள் அப்போது திருவிதாங்கூர். 1855 வரை இங்கே எங்கள் மூதாதைகளைச் சட்டப்படியே அடிமையாக வைத்திருந்தார்கள். அடிமைத்தனத்தை எடுத்தபோது கையில் ஒரு சென்று மண்ணும் கொடுக்கவில்லை. பஞ்சமி உத்தரவு எங்களுக்குச் செல்லாது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு இருபது பேர் தலித்துகள், இந்த மாவட்டத்தில் நான்கு பேர்கூடச் சரியாக வராது. ஓட்டுக்கணக்கிலும் நாங்கள் ‘தேவை’ இல்லை. மானியம் வாங்குகிற தோட்டத்தில் எங்களுக்கு இருக்கிற வேலை வௌவாலுக்கு வலை கட்டுவது. பழுக்கிற நேரத்தில் மரம் முழுக்கப் போர்த்தி வலை கட்ட வேண்டும், உயரமான கிளையில் ஏறி நின்று. பறிக்கும்போது அதே வலையை அவிழ்க்க வேண்டும். விழுந்தால் கேட்க நாதியில்லை. வௌவாலுக்குப் போட்ட வலை என்றுதான் எல்லாரும் சொல்லுகிறார்கள்.

கடைசிக் கை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எந்த நுகர்வோர் ஆய்விலும் ஒரு வரி பார்த்ததில்லை. கப்பலிலும் குளிர்சாதனப் பெட்டியிலும் வந்த பழம் கடையில் நாலு நாள் உட்கார்ந்து, விலை போகாமல் அழுகும். அதைப் பெட்டியோடு, தெர்மோகோலோடு, வலைச்சட்டையோடு சந்துமூலையில் கொட்டுவார்கள். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆயிற்று. கொட்டினதை அள்ளுகிற சனம் எந்தத் தெருவிலிருந்து வருகிறதோ, அதே தெருவிலிருந்துதான் இன்றும் வருகிறது. அவர்கள் அதைப் பிரித்து வண்டியில் ஏற்றுகிறார்கள், வலம்புரிவிளைக் குப்பைக்கிடங்குக்குப் போகிறது. எனக்குச் சித்தி முறையாகிற ஒருத்தி அந்த வேலை பார்க்கிறாள். எந்த மாசத்தில் எந்தப் பழம் மலிவு, எது எத்தனை நாளில் கெடும், எந்தக் கடைக்காரர் கூடுதலாக வாங்கித் தோற்றுப்போனார் என்று அவளிடம் கேட்டால் சொல்லுவாள். வணிகவியல் பேராசிரியர் ஒருநாள் வந்து கேட்கலாம். ஸ்டிக்கர் மட்கவே மாட்டேங்குது, கையுறையில் ஒட்டிக்கொண்டு போக மாட்டேங்குது என்றாள். கையுறை எப்போது கொடுத்தார்கள் என்று கேட்டேன். ‘போன கிறிஸ்மசுக்கு ஒரு சோடி’ என்றாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஆவணி மாசம்.